ஸ்டீயரிங்கை விடாமல் போன் பேச: காரின் வாய்ஸ் சிஸ்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

"கால் குமார்" என்றேன். கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி நிதானமான குரலில் வாசிக்க ஆரம்பித்தது. ஒன்று, குமார் ஆபீஸ். இரண்டு, குமார் எலக்ட்ரீஷியன். மூன்று, குமார் பழைய நம்பர். நான்கு, குமார் புது நம்பர். அந்த நேரத்தில் நான் ஒரு ரவுண்டானாவுக்குள் இருந்தேன். இடது பக்கம் ஒரு லாரி, வலது பக்கம் ஒரு பைக். பட்டியலை முடிக்க விடாமல் "மூன்று" என்று சொல்லிவிட்டேன். எப்போதோ செத்துப்போன நம்பருக்கு மணி அடிக்கப் போனது.

அன்றைக்குக் காரைத்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, கார் சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரே பெயரில் நாலு குமாரை போனில் போட்டு வைத்தது நான். வாய்ஸ் சிஸ்டம் ஒத்துழைக்கவில்லை என்று குறை சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இப்படித்தான் ஏதோ ஒன்று வெளியே வரும். வண்டி நிற்கும்போது செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்த வேலையைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஓட்டும்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது எது?

வெளியில் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வகை உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் பின்னால் குழப்பம்தான்.

முதல் வகையில், பேச்சைப் புரிந்துகொள்வது காரே. போன் வெறும் ப்ளூடூத் வழியாக இணைந்திருக்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டு, பெயரைக் கண்டுபிடித்து, போனுக்கு "இந்த நம்பரை டயல் செய்" என்று கட்டளை அனுப்புவது காருக்குள் இருக்கும் மென்பொருள். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் அதற்குத் தெரிந்த வாக்கிய வடிவங்கள் கொஞ்சம்தான். 2007இல் ஃபோர்டு நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து 'சிங்க்' என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான்.

இரண்டாவது வகையில் காரின் ஸ்கிரீன் போனுக்கு ஒரு முகம் மட்டுமே. கேட்பது, புரிந்துகொள்வது, டயல் செய்வது எல்லாம் போனுக்குள் இருக்கும் உதவியாளர்தான். ஆப்பிளின் கார்ப்ளே 2014இலும், கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்தன. இவற்றிடம் கொஞ்சம் முன்பின் மாற்றிப் பேசினாலும் புரிந்துகொள்ளும். ஆனால் டேட்டா சரியாக வராத இடத்தில் திணறும்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஒரே காரில் இரண்டும் இருக்கலாம், ஸ்டீயரிங்கில் பட்டன் மட்டும் ஒன்றுதான் இருக்கும். பல கார்களில் அந்தப் பட்டனைச் சட்டென்று அழுத்தி விட்டால் காரின் சொந்த சிஸ்டம் வரும். அழுத்திப் பிடித்திருந்தால் போனின் உதவியாளர் வரும். "ஒரு நாள் நன்றாகக் கேட்கிறது, ஒரு நாள் ஒன்றுமே புரியவில்லை என்கிறது" என்று புலம்பிய நண்பர் ஒருவருக்குப் பிரச்சினை இதுதான். அவர் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. இன்றைக்கு உங்கள் காரில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் அழுத்திப் பாருங்கள். குரலே வேறு வேறாக இருக்கும். எது யார் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பது

வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது பேரிங் செய்ய, அதாவது போனையும் காரையும் முதல் முறை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த, பல கார்கள் அனுமதிக்காது. அனுமதித்தாலும் செய்யாதீர்கள்.

1. போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து, ப்ளூடூத் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் பல போன்கள் மற்ற கருவிகளின் கண்ணுக்குத் தெரியும்.

2. காரின் ஸ்கிரீனில் போன் அல்லது கனெக்ஷன் என்ற மெனுவுக்குள் போய், புதிய சாதனத்தைச் சேர்க்கும் பட்டனைத் தொடுங்கள். ஸ்கிரீனே இல்லாத பழைய காராக இருந்தால், குரல் பட்டனை அழுத்தி "பேர் போன்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

3. கார் தேடினாலும் சரி, போன் தேடினாலும் சரி, ஒன்றின் பட்டியலில் மற்றொன்றின் பெயர் வரும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

4. இரண்டு ஸ்கிரீனிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். ஒன்றாக இருக்கிறதா என்று நிஜமாகவே பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டியும் அதே நேரத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். ரொம்பப் பழைய சிஸ்டமாக இருந்தால் நாலு இலக்க 'பின்' நம்பர் கேட்கும். பெரும்பாலும் 0000 அல்லது 1234.

5. அடுத்து போன் வரிசையாக அனுமதி கேட்கும். காண்டாக்ட்ஸ், கால் விவரம், மெசேஜ்.

இந்த ஐந்தாவது படியில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஏதோ ஆப் வேவு பார்க்கிறது என்ற பழக்கத்தில் விரல் தானாக "வேண்டாம்" பக்கம் போய்விடும். காண்டாக்ட்ஸுக்கு அனுமதி மறுத்துவிட்டால் காருக்கு ஒரு பெயரும் தெரியாது. அப்புறம் எத்தனை முறை "கால் அம்மா" என்று கத்தினாலும் பயனில்லை.

தவறுதலாக மறுத்திருந்தால் திருத்துவது எளிது. ஐபோனில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' எழுத்தைத் தொட்டால், காண்டாக்ட்ஸ் சிங்க், நோட்டிஃபிகேஷன் இரண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கும். ஆண்ட்ராய்டில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் போன் கால், மீடியா ஆடியோ, காண்டாக்ட் பகிர்வு என்று தனித்தனி ஸ்விட்சுகள் வரும். தனித்தனி என்பதைக் கவனியுங்கள். ப்ளூடூத் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே கால், பாட்டு, காண்டாக்ட்ஸ், மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாதை. பாட்டு மட்டும் காரில் வந்து கால் போனிலேயே கேட்டால், பாட்டுக்கான பாதை திறந்திருக்கிறது, காலுக்கான பாதை மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

காண்டாக்ட்ஸ் முதல் முறை இறங்க சில நிமிடங்கள் ஆகலாம். ஆயிரக்கணக்கில் பெயர் வைத்திருப்பவர்கள் உடனே சோதிக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கேபிள் வழியாக கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ பயன்படுத்துகிறீர்களென்றால் கேபிளைப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்கள் உண்டு. அவற்றில் டேட்டா போகாது. சார்ஜ் ஏறுகிறது, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். வயர்லெஸ் கார்ப்ளேயில் ப்ளூடூத் கைகுலுக்கி அறிமுகம் செய்துவைப்பதோடு சரி, மற்றதெல்லாம் வைஃபை வழியாகத்தான் போகும். அதனால் போனில் வைஃபையை அணைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் அது வேலை செய்யாது.

காண்டாக்ட்ஸை ஒழுங்கு செய்வது

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். இதை யாரும் செய்வதில்லை.

கண்ணால் பார்த்துத் தேட நாம் பெயர் வைக்கும் முறை ஒன்று, காதால் கேட்டுத் தேட வேண்டிய முறை இன்னொன்று. "செல்வம் அண்ணன் (புதுசு) வாட்ஸ்அப் மட்டும்" என்று சேமித்து வைத்தால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் சில பழைய சிஸ்டங்கள் அந்த முழுப் பெயரையும் நீங்கள் சொன்னால்தான் ஒத்துக்கொள்ளும். பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் பூ, இதயம், சிரிப்பு முகம் எல்லாம் காருக்கு இடைஞ்சல்தான்.

முதலில் நீங்கள் வண்டியில் இருக்கும்போது நிஜமாகவே கூப்பிடும் ஆட்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பேரைத் தாண்டாது. அந்தப் பத்துப் பெயரை மட்டும் சரி செய்தால் போதும், மற்ற ஆயிரத்தை விட்டுவிடுங்கள்.

அந்தப் பத்தில் எந்த இரண்டும் ஒலியில் நெருங்கி இருக்கக் கூடாது. அம்மா, அம்மு. அண்ணன், அண்ணி. மாமா, மாமி. வித்தியாசம் எல்லாம் கடைசி அசையில் இருக்கிறது. இன்ஜின் சத்தத்தில் முதலில் தொலைவது அந்தக் கடைசி அசைதான். அண்ணியின் பெயரையும் சேர்த்து "சுமதி அண்ணி" என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. குமார்கள் நாலு பேரையும் நான் "ஆபீஸ் குமார்", "கரண்ட் குமார்" என்று முன்னால் அடைமொழி போட்டுப் பிரித்தேன். பழைய நம்பரை அழித்தே விட்டேன். ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் என்றால் இரண்டு காண்டாக்டாக வைக்காமல், ஒரே காண்டாக்டுக்குள் மொபைல், ஆபீஸ் என்று வகை குறித்து வையுங்கள். அப்போது "கால் செல்வம் மொபைல்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியும்.

அடுத்தது நமக்கே உரிய தலைவலி. நம் ஆட்களின் பெயரைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் சேமித்து வைத்திருக்கிறோம். சிஸ்டத்தின் மொழியும் ஆங்கிலமாக இருந்தால், அது அந்த எழுத்துகளை ஆங்கிலக்காரர் வாசிப்பது போல வாசித்து, அந்த உச்சரிப்பை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வாயிலிருந்து வருவதோடு ஒப்பிடும். ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாம் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறோம். அந்த இரண்டையும் ஆங்கிலம் 'மெஷர்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலியாகத்தான் புரிந்துகொள்ளும். ஆகவே நீங்கள் அழகாக "தமிழ்செல்வி" என்று சொல்லச் சொல்ல, அது "தமிஷ்செல்வி" ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ஐபோனிலும் கூகுள் காண்டாக்ட்ஸிலும் ஒரு பெயரைத் திருத்தும்போது, கூடுதல் புலங்களில் உச்சரிப்புப் பெயர் எழுத ஓர் இடம் உண்டு. அங்கே ழகரத்துக்குப் பதில் ஆங்கில 'எல்' போட்டு எழுதிப் பாருங்கள். போனின் உதவியாளருக்கு இது உதவும். காரின் சொந்த சிஸ்டம் அந்தப் புலத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், காண்டாக்ட் பெயரையே "செல்வி" என்று சுருக்கிவிடுவது நல்லது. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

தமிழ் எழுத்தில் சேமித்தவர்களுக்கு வேறு கதை. சிஸ்டத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தால் பல கார்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் கட்டங்கள், வாசிக்கவே தெரியாது. அப்படிப்பட்ட காரில் அந்தப் பத்துப் பேரை மட்டுமாவது ஆங்கில எழுத்துக்கு மாற்றத்தான் வேண்டும். எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இனிஷியலையும் பாருங்கள். நாம் இனிஷியலை முன்னால் போடுகிறோம். "எம் செல்வம்" என்று பதிந்திருந்தால் அந்த "எம்" தான் முதல் பெயர் என்று கார் நினைத்துக்கொள்ளும். எடுத்துவிடுங்கள், அல்லது பின்னால் தள்ளுங்கள்.

உறவு சொல்லிக் கூப்பிடும் வசதியும் உண்டு. ஐபோனில் உங்கள் சொந்த காண்டாக்ட் அட்டையில் இவர் அம்மா, இவர் அண்ணன் என்று குறித்து வைத்துவிட்டால், பெயர் சொல்லாமல் உறவைச் சொல்லியே கூப்பிடலாம்.

மைக் எங்கே இருக்கிறது?

ஓட்டுநர் தலைக்கு மேலே, கூரை விளக்கைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான். சில கார்களில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி அல்லது ஸ்டீயரிங் பின்னால். அதைக் கண்டுபிடித்த பிறகு ஏசி காற்று எங்கே அடிக்கிறது என்று கவனியுங்கள். நடுவில் இருக்கும் ஏசி துவாரம் மேல்நோக்கித் திருப்பப்பட்டிருந்தால், காற்று நேராக மைக்கில் போய் மோதும். உங்களுக்குச் சத்தமே தெரியாது, மறுமுனையில் இருப்பவருக்குப் புயல் வீசும். துவாரத்தைக் கொஞ்சம் கீழே திருப்பினாலே போதும். கண்ணாடிகளை ஏற்றுங்கள். ஃபேனை ஒரு படி குறையுங்கள்.

பழைய ப்ளூடூத் இணைப்புகளில் குரல் குறுகலான பாதையில்தான் போகும். ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான், பழைய லேண்ட்லைன் போல. "ஸ்", "ஃப்" போன்ற காற்றொலிகளின் சத்து பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்பட்டுவிடும். பிறகு வந்த இணைப்புகளில் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும், குரல் தெளிவாக இருக்கும். போன் புதிதாக இருந்தும் கார் பழையதாக இருந்தால் குறுகிய பாதைதான் கிடைக்கும். "சுரேஷ்" என்று சொன்னால் வேறு யாரோ வருவதற்கு உங்கள் உச்சரிப்பை நொந்துகொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் முடித்தபின் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி நின்றபடியே, இன்ஜின் ஓட, ஃபேன் ஒன்றில் ஒரு நிமிடம், மூன்றில் ஒரு நிமிடம் பேசுங்கள். எப்போது தெளிவாக இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். அவர் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்கிறது என்றால், ஸ்பீக்கரில் வரும் அவர் குரலை மைக் மறுபடியும் பிடிக்கிறது. கால் சத்தத்தைக் குறையுங்கள்.

சத்தம் என்றதும் ஒன்று. பாட்டுக்கு ஒரு அளவு, காலுக்கு ஒரு அளவு, வாய்ஸ் சிஸ்டத்தின் குரலுக்கு ஒரு அளவு என்று பல கார்கள் தனித்தனியாக வைத்திருக்கும். கால் ஓடிக்கொண்டிருக்கும்போது திருகினால்தான் கால் அளவு மாறும். பாட்டு அலறுகிறது, கால் முனகுகிறது என்பவர்கள் பாட்டு ஓடும்போது திருகிக்கொண்டிருப்பார்கள். நண்பரோடு பேசும் அந்தச் சோதனையின்போதே இதையும் சரி செய்துவிடுங்கள்.

பட்டன், பீப், பேச்சு

பட்டனை அழுத்தியதும் பாட்டு அடங்கும். ஒரு கணம் அமைதி. பிறகு ஒரு பீப். அதற்கு அப்புறம்தான் கார் கேட்க ஆரம்பிக்கும். அழுத்தின வேகத்திலேயே பேசத் தொடங்கினால் "கால்" என்பது தொலைந்து வெறும் "அம்மா" மட்டும் போகும். இன்னும் அவசரப்பட்டால் "மா" மட்டும் போகும். பீப் வந்ததும் அரை நொடி விட்டுப் பேசுங்கள். வாய்ஸ் சிஸ்டத்தில் நான் கற்ற வித்தைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான், செலவும் இல்லை.

அதேபோல ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. சில நொடிகள் அமைதியாக இருந்தால் அது சலித்துப்போய் விலகிவிடும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அழுத்துங்கள்.

ஒருமுறை புரியவில்லை என்றதும் நாம் செய்வது என்ன? சத்தத்தைக் கூட்டி, எழுத்து எழுத்தாகப் பிரித்து, "கா...ல்... செல்...வம்" என்போம். அது இன்னும் மோசம். இந்த மென்பொருள்கள் இயல்பாகப் பேசிய பேச்சைக் கொண்டு பழக்கப்பட்டவை. பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசும் அதே வேகம், அதே சத்தம் போதும். பார்வை சாலையில் இருக்கட்டும். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை, அது உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

காரின் சொந்த சிஸ்டத்தில் "ஹெல்ப்" என்று சொன்னால் அதற்குத் தெரிந்த கட்டளைகளை வாசிக்கும். வண்டி நிற்கும்போது ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடுங்கள். "கேன்சல்" என்றால் எங்கே இருந்தாலும் வெளியே வந்துவிடும். அதைவிட நம்பகமானது சிவப்பு போன் பட்டன். பல சிஸ்டங்களில் அது பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டனை இன்னொரு முறை தட்டினால், நீளமான முன்னுரையை நிறுத்திவிட்டு நேராக பீப்புக்குப் போய்விடும்.

நம்பரைச் சொல்லி டயல் செய்யும் வசதியும் இருக்கிறது. பயன்படுத்த வேண்டியே வந்தால், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். "டபுள் நைன்", "டிரிபிள் ஃபைவ்" என்பதெல்லாம் நமக்குப் பழக்கம், பல சிஸ்டங்களுக்குப் புரியாது. மூன்று நான்கு இலக்கம் சொல்லி நிறுத்தினால் அது திருப்பிச் சொல்லும்; சரியாக இருந்தால் தொடரலாம். நேர்மையாகச் சொன்னால், பத்து இலக்கத்தை இப்படிச் சொல்லி முடிப்பதற்குள் ஓரமாக நிறுத்தி விரலால் அடித்துவிட்டுப் போகலாம்.

பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே பழகுங்கள். மூன்று பேரைக் கூப்பிடுங்கள், ஒருவரைப் பாதியில் ரத்து செய்யுங்கள், ஒரு காலை மியூட் செய்து எடுங்கள். விரல் பார்க்காமலே பட்டனைத் தேடிப் போகும் வரை.

கால் வரும்போது

பச்சை பட்டனைத் தட்டினால் எடுக்கும், சிவப்பு மறுக்கும். ஒரே பட்டன் இருக்கும் கார்களில் தட்டினால் எடுக்கும், அழுத்திப் பிடித்தால் மறுக்கும்.

எடுத்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, வண்டி ஓட்டிட்டு இருக்கேன், ஸ்பீக்கர்ல போகுது, பக்கத்துல ஆள் இருக்காங்க." இதில் மரியாதையும் இருக்கிறது, தற்காப்பும் இருக்கிறது. பின் இருக்கையில் மேலதிகாரி உட்கார்ந்திருக்க, மறுமுனையில் இருப்பவர் அதே மேலதிகாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்த கதை எல்லா ஆபீஸிலும் ஒன்று இருக்கும். தனியாகப் பேச வேண்டியதாக இருந்தால் காலை போனுக்கு மாற்ற ஸ்கிரீனில் ஒரு பட்டன் உண்டு. ஓரமாக நிறுத்திவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

"இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும் வாடிக்கையாளர் சேவை எண்களுக்கு ஓட்டும்போது அழைக்கவே அழைக்காதீர்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஸ்கிரீனில் கீபேடைத் தேட வேண்டியிருக்கும்.

பேச்சு முடியுமுன் இடம் வந்து சேர்ந்துவிட்டால் அவசரம் வேண்டாம். இன்ஜினை அணைத்தாலும் சில கார்கள் கதவைத் திறக்கும் வரை காலைத் தங்களிடமே வைத்திருக்கும், பிறகு போனுக்குக் கொடுக்கும். அந்த மாறும் இடைவெளியில் ஒரு வாக்கியம் காணாமல் போகும். முக்கியமான செய்தியை அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

இதன் மறுபக்கம்: வாசலில் நின்றுகொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் கத்தினான், "அப்பா, தாத்தா உங்ககிட்ட ஏதோ கடன் கேக்குறாரு!" கார் ஆனாக இருந்து போன் பக்கத்தில் இருந்தால் கால் அங்கேதான் போகும்.

மெசேஜ்

வாசித்துக் காட்டுவது நல்ல வசதி. பதில் சொல்வதில்தான் கவனம் தேவை. சொன்னதைத் திருப்பி வாசித்து, நீங்கள் சரி என்ற பிறகே அனுப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் அதன் குரல் உதவியாளரான 'சிரி'யின் செட்டிங்ஸில் தானாக அனுப்பும் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். "வந்துட்டு இருக்கேன்" என்ற அளவுக்கு மேல் எதையும் குரலில் எழுத முயல வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் பேச்சை அது எழுத்தாக்கும் அழகைப் பார்த்தால் சிரிப்பு வரும், சில சமயம் சண்டையும் வரும்.

மெசேஜ் தொல்லையே வேண்டாம் என்றால் ஐபோனில் டிரைவிங் ஃபோகஸ் இருக்கிறது. ஓட்டும்போது மெசேஜ்களை அடக்கி, நீங்கள் எழுதி வைத்த பதிலைத் தானே அனுப்பும். காரோடு இணைந்திருந்தால் கால்களை மட்டும் உள்ளே விடும்.

கை சும்மா இருக்கிறது, மனசு?

கையில் போனைப் பிடிப்பதுதான் ஆபத்து, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால் பிரச்சினை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1997இல் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு, போன் பேசும்போது மோதும் ஆபத்து ஏறக்குறைய நாலு மடங்கு என்றது. கையில் பிடிக்காத போன்களால் அதில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை.

2015இல் அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. அவர்கள் சோதித்தது கார்களில் இருக்கும் குரல் வசதிகளையே. மோசமான சிஸ்டங்களில், கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 நொடி வரை கவனச் சிதறல் நீடித்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடியில் வண்டி 450 மீட்டர் போய்விடும். பேச்சு முடிந்துவிட்டது, கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில். மனசு மட்டும் இன்னும் அந்தக் குமாரிடம்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். எதிரே லாரி வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

அதனால் எனக்கென்று சில வழக்கங்கள் வைத்திருக்கிறேன். பட்டனைத் தட்டுவது நேரான, காலியான சாலையில் அல்லது சிக்னலில் நிற்கும்போது மட்டும். சந்திப்பு, ரவுண்டானா, மழை, பள்ளி வாசல், பின்னோக்கி எடுக்கும்போது வரும் காலை எடுப்பதில்லை. மணி அடித்து ஓயட்டும். வாய்ஸ் சிஸ்டம் இரண்டு முறை தப்பாகக் கேட்டால் மூன்றாவது முறை முயல்வதில்லை, ஏனென்றால் மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிடும். பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், அல்லது பணம், நோய், சண்டை என்று திசை திரும்பினால், "நிறுத்திட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பல நாடுகளில் கையில் போன் பிடிப்பதுதான் குற்றம். ஆனால் பிரிட்டன் போன்ற இடங்களில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டு வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்றாலும் வழக்கு வரலாம்.

வேலை செய்யவில்லை என்றால்

நேற்று வரை நன்றாக இருந்து இன்று இணையவில்லை என்றால், போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் காரிலிருந்து போனையும், போனிலிருந்து காரையும், இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய சாவியை வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். போன் மென்பொருள் அப்டேட் ஆன மறுநாள் இந்தச் சிக்கல் அதிகம்.

வீட்டில் இரண்டு பேர் ஓட்டும் காரில் வேறு மாதிரி. மனைவியின் போன் முதலிடத்தில் இருந்தால், அவர் உடன் வரும்போதெல்லாம் அவர் போன்தான் இணையும். நீங்கள் "கால் அம்மா" என்றால் அவருடைய அம்மாவுக்குப் போகும். சாதனப் பட்டியலில் முன்னுரிமை மாற்றும் வசதி பல கார்களில் இருக்கிறது.

புதிதாகச் சேர்த்த பெயர் காருக்குத் தெரியவில்லை என்றால், கார் பழைய பட்டியலையே வைத்திருக்கிறது. போன் மெனுவில் காண்டாக்ட்ஸை மறுபடி இறக்கும் பட்டனைத் தேடுங்கள், அல்லது ப்ளூடூத்தை அணைத்து ஆன் செய்யுங்கள். அழைப்பவருக்கு மட்டும் உங்கள் குரல் கேட்கவில்லை, உங்களுக்கு அவர் குரல் நன்றாகக் கேட்கிறது என்றால் மைக் துளையில் தூசி இருக்கலாம், அல்லது கூரையைத் துடைத்தபோது யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

காரை விட்டுப் பிரியும்போது

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன், அல்லது சொந்தக் காரை விற்கும் முன், சாதனப் பட்டியலில் உங்கள் போனை அழியுங்கள். சில கார்களில் காண்டாக்ட்ஸும் கால் விவரமும் உள்ளேயே தங்கியிருக்கும். விற்பதாக இருந்தால் செட்டிங்ஸில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பட்டனையும் அழுத்துங்கள். வீட்டு முகவரி, நேவிகேஷன் பதிவு எல்லாம் அதோடு போய்விடும். பிறகு போனிலும் அந்தக் காரின் பெயரை நீக்குங்கள்.

நான் இப்போது ஓட்டும் கார் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. முதல் நாள் பேரிங் மெனுவைத் திறந்தபோது, பட்டியலில் ஏற்கெனவே மூன்று போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று அவர் மனைவியுடையது என்று பெயரிலேயே தெரிந்தது. மூன்றாவதின் பெயர் "பாப்பா போன்". மூன்றையும் அழித்துவிட்டு என்னுடையதைச் சேர்த்தேன்.